‘என்கிற’

எங்கள் ஊருக்கு இரண்டு பெயர்கள். பத்திரங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் திருநின்றவூர். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் புறநகர் ரயில், நெமிலிச்சேரிக்கும் வேப்பம்பட்டுக்கும் இடையில் அந்தப் பெயரில்தான் நிற்கிறது. ஆனால் அறுபதைக் கடந்த யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், தின்னனூர் என்பார்கள். திருமகள் வந்து நின்ற ஊர் என்று தலபுராணம் பெயர்க்காரணம் சொல்ல, ஊரார் நாக்கு அதைத் தேய்த்துத் தின்னனூர் ஆக்கிக்கொண்டது. இரண்டும் ஒன்று என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும். புதிதாக வருபவர் இரண்டு ஊர்கள் என்று எண்ணிக்கொண்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. பெயர்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அவை குறிக்கும் மண் ஒன்றா இரண்டா என்று சொல்லிவிட இயலாது.

தமிழ் படித்தவர்களுக்கு ஒரு பொருளுக்குப் பல பெயர் இருப்பது பெருமைக்குரிய செய்தி. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் 12 தொகுதிகள். தேவப்பெயரில் தொடங்கி முதல் பத்துத் தொகுதிகளும் ஒரு பொருளுக்கு வழங்கும் பல பெயர்களை அடுக்குகின்றன. பதினோராவது தொகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைச் சொல்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் செல்வத்தைக் கணக்கெடுப்பவளைப் போலத்தான் சொல்லி வந்திருக்கிறேன். இதே விஷயம் வேறொரு தொழிலில் பெருந்தலைவலி என்பதைச் சென்ற ஆண்டுதான் அறிந்தேன். சொல்லித் தந்தவன் என் அக்கா மகன்.

அவன் கம்பைலர் எழுதுகிறவன். மனிதர் எழுதும் நிரலை இயந்திரம் புரிந்துகொள்ளும் கட்டளைகளாக மாற்றும் மென்பொருளைக் கம்பைலர் என்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர்தான், ஆனால் சற்றே துணிச்சலான மொழிபெயர்ப்பாளர். பொருள் மாறாது என்று தெரிந்தால் வரிகளை முன்பின்னாக மாற்றும், இரண்டை ஒன்றாக்கும், தேவையற்றதை நீக்கும். இயந்திரத்தின் வேகம் பெரிதும் இந்தத் துணிச்சலைப் பொறுத்தது. பல கம்பைலர்களைக் கட்டுவதற்குப் பொதுவான சாரம் போலப் பயன்படும் எம்எல்ஐஆர் என்னும் கட்டமைப்பில் அவனுக்கு வேலை.

“சித்தி, ‘அலயஸ்’ங்கறதுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்?” என்று கேட்டான். மறுபெயர் என்றேன். அது பெயரைச் சொல்கிறது, உறவைச் சொல்லவில்லை என்றான். புனைபெயர் என்றேன், சிரித்தான். பிறகு எனக்கே தோன்றியது. நம் பத்திரங்களில் பழைய எழுத்தர்கள் எழுதுவார்களே, இன்னார் என்கிற இன்னார் என்று. அந்த ‘என்கிற’தான் அது. இரண்டு பெயர்களுக்கு நடுவில் நின்று இரண்டும் ஒரே ஆளைச் சுட்டுகின்றன என்று உறுதி சொல்லும் சொல். “அதுதான் சித்தி, அந்தச் சொல் மட்டும் நிரல்ல எழுதியிருந்தா எனக்கு வேலையே இல்ல” என்றான்.

அவன் சொன்ன எளிய உதாரணம் இது. நினைவகத்தில் இரண்டு இடங்கள்; ஒன்றை அ என்றும் மற்றதை ஆ என்றும் நிரல் அழைக்கிறது. அ-வில் 5 எழுது. ஆ-வில் 7 எழுது. இப்போது அ-வில் இருப்பதைப் படி. இவ்வளவுதான் நிரல். அ-வும் ஆ-வும் வெவ்வேறு இடங்களானால் விடை 5. நினைவகத்துக்குப் போகாமலேயே கம்பைலர் 5 என்று எழுதிக்கொண்டு மேலே நடக்கலாம். இரண்டும் ஒரே இடமானால் விடை 7. இரண்டா ஒன்றா என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு முறையும் நினைவகத்துக்குச் சென்று பார்த்துவிட்டு வரவேண்டும். சில கோடி முறை சுழலும் நிரலில் இந்தப் போக்குவரத்துதான் நேரத்தைத் தின்கிறது.

ஒன்றா இரண்டா என்பது தெரியாமல் வரிசையை வகுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது. பெரியபுராணம் சொல்லும் பூசலார் நாயனார் திருநின்றவூர்க்காரர். கோயில் எழுப்பப் பொருளில்லாமல், அடித்தளம் முதல் சிகரம் வரை மனத்துக்குள்ளேயே கட்டி முடித்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காஞ்சியில் காடவர்கோன் கல்லால் கட்டிய கோயிலுக்கும் அதே நாள் குறிக்கப்பட்டது. இரண்டு ஊர்கள், இரண்டு கோயில்கள், இரண்டு விழாக்கள்; ஒரே நாளில் நடத்தினால் என்ன தவறு என்றுதான் அரசனின் கணியர்கள் நினைத்திருப்பார்கள். எழுந்தருள வேண்டியவர் ஒருவர் என்பதால் ஒன்று முந்தியும் மற்றொன்று பிந்தியும்தான் நடக்க முடிந்தது. இறைவன் அரசன் கனவில் வந்து, உன் விழாவை வேறு நாளில் வைத்துக்கொள் என்றார். கம்பைலருக்குக் கனவு வருவதில்லை. தானே ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஆராய்ச்சிக்குத்தான் அலயஸ் பகுப்பாய்வு என்று பெயர். கிறிஸ் லாட்னரும் அவருடைய ஆசிரியர் விக்ரம் ஆத்வேயும் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எல்எல்விஎம் என்னும் கம்பைலர் திட்டத்தில், இந்தக் கேள்விக்கு நான்கு விடைகள் உண்டு. இரண்டும் ஒன்றல்ல, இரண்டும் ஒன்றே, ஒன்றன் ஒரு பகுதி மற்றொன்றின் மேல் படிகிறது, ஒன்றாக இருக்கலாம். முதல் மூன்றும் தீர்ப்புகள். நான்காவது, தெரியவில்லை என்பதன் பணிவான வடிவம். ஐயம் இருக்கும்வரை கம்பைலர் ‘இருக்கலாம்’ என்றே சொல்லும். மெதுவாக நடந்தாலும் தவறாக நடக்கக்கூடாது என்பது அதன் ஒழுக்கம்.

ஒழுக்கம் தவறினால் என்ன ஆகும் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்திலேயே பார்க்கலாம். வரிசையாகப் பத்துக் கட்டங்களில் பத்துப் பெயர்கள். ஒவ்வொன்றையும் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளி எழுத வேண்டும். இடக்கோடியிலிருந்து தொடங்கினால் முதல் பெயர் இரண்டாம் பெயரை அழித்துக்கொண்டு உட்காரும். அடுத்து இரண்டாம் கட்டத்தில் இருப்பதை மூன்றாவதில் எழுதப் போனால் அங்கே இருப்பது முதல் பெயர்தான். கடைசியில் எல்லாக் கட்டங்களிலும் ஒரே பெயர். வலக்கோடியிலிருந்து தொடங்கினால் இந்த விபத்து இல்லை. எழுதும் இடமும் படிக்கும் இடமும் வெவ்வேறு தாள்களானால் எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம்.

2010-இல் இது உண்மையிலேயே நடந்தது. ஃபெடோரா 14 என்னும் லினக்ஸ் பதிப்பில் ஃப்ளாஷ் மென்பொருள் வழியாக வந்த பாட்டும் பேச்சும் கரகரத்தன. சி மொழியின் நூலகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்கும் மெம்காப்பி என்றொரு செயல்கூறு உண்டு. வேகத்துக்காக, சில செயலிகளில் அது பின்னிருந்து முன்னாக நகலெடுக்கும்படி மாற்றப்பட்டிருந்தது. இரண்டு இடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியக்கூடாது என்பது அதன் பழைய விதி. படிவதற்கென்றே மெம்மூவ் என்று இன்னொன்று இருக்கிறது. படியும் இடங்களையே ஃப்ளாஷ் மெம்காப்பியிடம் கொடுத்துக்கொண்டிருந்தது. முன்னிருந்து நகலெடுத்த காலத்தில் அது வெளியே தெரியவில்லை. திசை மாறியதும் ஒலி சிதைந்தது.

* * *

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் நினைவுக்கு வந்தது. மாணவர்கள் தூங்கி வழியும் பகுதி அது. ஒருவரின் இயற்பெயரும் அவரைக் குறிக்கும் சுட்டுப்பெயரும் அடுத்தடுத்த வாக்கியங்களில் வெவ்வேறு வினைகளோடு வந்தால் இயற்பெயரை முதலில் சொல்ல வேண்டும் என்று அங்கே ஒரு விதி. சாத்தன் வந்தான், அவனுக்குச் சோறிடு என்றால் வந்தவனும் உண்பவனும் ஒருவன். அவன் வந்தான், சாத்தனுக்குச் சோறிடு என்றால் வந்தவன் யாரோ, சாத்தன் யாரோ. செய்யுளில் மட்டும் சுட்டு முன்னால் வரலாம் என்று அடுத்த நூற்பா இடம் கொடுக்கிறது. கணினியில் நினைவக இடத்தைக் குறிக்கும் பாயிண்டரையும் தமிழில் சுட்டி என்றே சொல்கிறார்கள் என்று அவன் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குச் சற்றுப் பின்னால் இன்னொரு விதி. ஒரு பொருளைக் குறிக்கும் பல பெயர்களுக்குத் தனித்தனியாக வினை கொடுத்தால் அவை ஒன்றாகப் பொருந்தி நிற்கா என்பது அதன் கருத்து. ஆசிரியர் வந்தார், ஊர்த்தலைவர் அமர்ந்தார், கொற்றனார் பேசினார் என்றால் கேட்பவர் மூவர் என்றே கொள்வார். ஆசிரியரும் தலைவருமான கொற்றனார் வந்தமர்ந்து பேசினார் என்று ஒரு வினையில் முடித்தால் ஒருவர். இதைத் தொடரின் அழகு பற்றிய விதியாகவே நான் எண்ணியிருந்தேன். சொல்பவருக்குத் தெரிந்த ஓர் உண்மை கேட்பவரிடம் போய்ச்சேரும் வழியில் தொலைந்துவிடாமல் காக்கும் ஏற்பாடு அது என்பது இப்போது புலப்படுகிறது. மூவரும் ஒருவர் என்பது சொல்பவருக்கு ஐயமறத் தெரியும். கேட்பவர் கையில் இருப்பவை சொற்கள் மட்டுமே.

கம்பைலர் அந்தக் கேட்பவரின் நிலையில்தான் இருக்கிறது. அதன் சங்கடம் ஆழமானது என்று கணிதமே சொல்லிவிட்டது. கிளைபிரியும் நிபந்தனைகள், சுழற்சிகள், ஓடும்போதே இடம் ஒதுக்கிக்கொள்ளும் வசதி, தன்னைப் போன்றதையே சுட்டும் தரவு அமைப்புகள் ஆகிய நான்கும் உள்ள மொழியில் எந்த நிரலைக் கொடுத்தாலும் இரு பெயர்கள் ஒன்றா என்று பிழையின்றிச் சொல்லும் பொதுவான வழிமுறை இருக்கவே முடியாது என்று வில்லியம் லாண்டி 1992-இல் நிறுவினார். 1994-இல் ஜி. இராமலிங்கம் அதையே இன்னும் எளிய முறையில் நிறுவினார். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றுப் பின்னாளில் பெங்களூரின் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பணியாற்றிய அவருடைய அந்தக் கட்டுரை ஐந்தே பக்கங்கள். வள்ளலார் என்கிற இராமலிங்க அடிகளின் பெயரைத் தாங்கிய ஒருவர் இந்தக் கேள்வியின் எல்லையைச் சுருக்கமாக வரைந்து காட்டினார் என்பதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

முடியாது என்று நிறுவப்பட்ட பிறகும் யாரும் வேலையை நிறுத்தவில்லை. எல்லா நிரல்களுக்கும் முடியாது என்றால் பெரும்பாலான நிரல்களுக்கு எவ்வளவு தூரம் முடியும் என்று பார்த்தார்கள். அதே 1994-இல் கோபன்ஹேகனில் லார்ஸ் ஓல் ஆண்டர்சன், ஒவ்வொரு பெயரும் எந்தெந்த இடங்களைச் சுட்டக்கூடும் என்று தனித்தனிப் பட்டியல் வைத்துக்கொள்ளும் முறையை வகுத்தார். துல்லியம் அதிகம், நேரமும் அதிகம். 1996-இல் பியார்ன் ஸ்டீன்ஸ்கார்ட், தொடர்பு ஏற்பட்ட இடங்களையெல்லாம் ஒரே குலமாக்கிவிடும் முறையைக் காட்டினார். மின்னல் வேகம், ஆனால் ஒரு கல்யாணத்தில் சந்தித்துக்கொண்ட இரு குடும்பங்களைப் பங்காளிகள் என்று எழுதிவிடுவது போன்ற தாராளம். இருபத்தொரு ஆண்டுகளில் குறைந்தது 75 ஆய்வுக்கட்டுரைகளும் 9 முனைவர் பட்ட ஆய்வேடுகளும் வந்தபின், இந்தப் பிரச்சினையை இன்னுமா நாம் தீர்க்கவில்லை என்று 2001-இல் மைக்கேல் ஹிண்ட் தம் கட்டுரைத் தலைப்பிலேயே கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் பழையதாகவில்லை.

* * *

எம்எல்ஐஆர் கட்டமைப்பு 2019-இல் வெளியாகி எல்எல்விஎம் திட்டத்தோடு சேர்ந்தது. அதை விளக்கி 2021-இல் வந்த கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் உதய் பொந்துகுலா. சென்னை ஐஐடியில் படித்துப் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருப்பவர். முன்னதாக அமெரிக்காவில் பி. சடையப்பனின் வழிகாட்டலில் ஆய்வு செய்தபோது, சடையப்பன், ஜே. ராமானுஜம், ஆல்பர்ட் ஹார்டோனோ ஆகியோருடன் புளூட்டோ என்னும் கருவியை 2008-இல் அறிமுகம் செய்தார். நீண்ட வரிசை ஒன்றில் ஒரு சுழற்சி எழுதும் கட்டமும் இன்னொரு சுழற்சி படிக்கும் கட்டமும் எப்போதாவது ஒன்றாகுமா என்பதைச் சமனின்மைகளாக எழுதித் தீர்த்து, எந்த வேலைகளை ஒரே நேரத்தில் செய்யலாம் என்று முடிவுசெய்யும் கருவி அது. காஞ்சிக்கும் திருநின்றவூருக்கும் நாள் குறிக்கும் வேலைதான்.

எம்எல்ஐஆரில் என்னைக் கவர்ந்தது அதன் சொல்லாட்சி. அதன் உள்ளே ஒரே மொழி இல்லை. பல வட்டார வழக்குகள் இருக்கின்றன. ‘டயலெக்ட்’ என்றே அவற்றுக்குப் பெயர். மேல்நிலை வழக்கில் பேசும்போது அணிகள், அட்டவணைகள் எல்லாம் மாறாத மதிப்புகள். ஒன்றைத் திருத்தினால் பழையது அப்படியே இருக்க, புதிதாக இன்னொன்று பிறக்கிறது. அந்த உலகில் எதுவும் எதையும் அழிப்பதில்லை. ஆனால் இயந்திரத்துக்கு அருகில் இறங்க இறங்க, மதிப்புகளை உண்மையான இடத்தில் வைத்தாக வேண்டும். நினைவகத்தில் அப்படி ஒதுக்கப்படும் இடத்தைப் பஃபர் என்கிறார்கள். புதிய மதிப்பைப் பழைய பஃபரிலேயே எழுதலாமா, அல்லது வேறு இடம் ஒதுக்கி நகல் எடுக்க வேண்டுமா என்பது இறங்கும் வழியில் ஒவ்வோர் அடியிலும் எழும் கேள்வி.

தவறாகப் பழைய இடத்திலேயே எழுதினால், பழைய மதிப்பைப் பின்னால் படிக்கவிருந்தவர் ஏமாறுவார். அச்சப்பட்டு எல்லாவற்றையும் நகலெடுத்தால் இன்னொரு வகை நட்டம். 4096 வரிசையும் 4096 நிரலும் கொண்ட ஓர் அணியில் ஓர் எண்ணுக்கு 4 பைட் என்றால் மொத்தம் 6 கோடியே 71 லட்சம் பைட்டுகள். செயற்கை நுண்ணறிவுக் கணக்குகளில் இத்தகைய அணிகள் அடுக்கடுக்காக வருகின்றன. வேண்டாத ஒரு நகலுக்கு அவ்வளவையும் ஒருமுறை படித்து ஒருமுறை எழுத வேண்டும்.

அப்படியானால் பகுப்பாய்வை மேம்படுத்துவது என்றால் என்ன என்று கேட்டேன். இன்னும் புத்திசாலித்தனமாக ஊகிப்பது என்று பதில் வரும் என எதிர்பார்த்தேன். அவன் சொன்னது வேறு. “ஊகிக்கறது இல்ல சித்தி. அந்தப் பெயர் எங்க பிறந்ததுன்னு பின்னாடியே போய்ப் பார்க்கறது” என்றான். தனித்தனியாக ஒதுக்கப்பட்ட இரு பஃபர்கள், இரண்டும் உயிரோடு இருக்கும்வரை ஒருபோதும் ஒன்றாகா. ஒரே பஃபரின்மேல் திறந்த இரண்டு ஜன்னல்கள் ஒன்றாக இருக்கலாம்; ஆனால் ஒன்று 0 முதல் 99 வரையும் மற்றது 100 முதல் 199 வரையும் என்று அளவு தெரிந்தால் அவையும் வேறு வேறே. நிபந்தனையால் வழி பிரிந்து இங்கிருந்தோ அங்கிருந்தோ வந்திருக்கக்கூடும் என்றால் இரண்டு பிறப்பிடங்களையும் குறித்து வைத்துக்கொண்டு மேலே போகவேண்டும், கைவிரித்துவிடக் கூடாது. ஜன்னல் வழியாகவும் ஜன்னலுக்குள் ஜன்னல் வழியாகவும் பின்னோக்கிச் செல்லும் பாதையில் எந்த இடத்தில் பழைய பகுப்பாய்வு களைத்து நின்றுவிடுகிறதோ, அங்கிருந்து இன்னும் நாலடி நடக்க வைப்பதுதான் அவன் வேலை.

நடக்க முடியாத இடமும் உண்டு. ஒரு செயல்கூறுக்குள் இரண்டு பஃபர்கள் வெளியிலிருந்து அனுப்பப்பட்டால் அவற்றின் பிறப்பு உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. அனுப்பியவருக்குத் தெரியும். அவர் தெரிந்ததைச் சொல்லி அனுப்ப வேண்டும். ஃபோர்ட்ரான் மொழி இதை விதியாகவே வைத்தது: உள்ளே எழுதப்போகும் இடத்தை இரண்டு பெயர்களில் அனுப்பாதே என்றது. சி மொழி 1999-ஆம் ஆண்டுத் தரத்தில் ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தது. எழுதுபவர் விரும்பினால் அதன்மூலம் உறுதி தரலாம். எம்எல்ஐஆரில் மேல்நிலை வழக்கு தெளிவாக அறிந்திருந்த செய்தி, கீழ்நிலைக்கு இறங்கும்போது வெறும் முகவரிகளாகித் தொலைந்துபோகிறது. தொலைத்துவிட்டுக் கீழே தேடுவதைவிட மேலிருந்தே கையில் கொண்டுவருவது எளிது. ‘என்கிற’ என்றோ ‘என்கிறவர் அல்லர்’ என்றோ தெரிந்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும்.

* * *

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது கம்பைலர் மட்டுமன்று. அதே மாதங்களில் எங்கள் வீட்டில் இதே கேள்வி வேறு உருவில் நடந்துகொண்டிருந்தது.

என் அம்மாவுக்கு இரண்டு பெயர்கள். பிறந்த வீட்டில் வைத்தது ஓர் அம்மன் பெயர். 1974-இல் திருமணமாகி வந்த வீட்டில் மாமியாருக்கும் அதே பெயர். மாமியாரின் பெயரைச் சொல்லி மருமகளை ஏவவும் முடியாது, கடியவும் முடியாது என்பதால், வந்த மறுவாரமே நவமணிகளில் ஒன்றின் பெயரை வைத்து அழைக்கத் தொடங்கினார்கள். ஒரு பெயருக்கு இருவர் என்ற சிக்கலை ஒருவருக்கு இரு பெயர் என்ற சிக்கலாக மாற்றித் தீர்த்துக்கொண்டார்கள். 1981-இல் அப்பா ஒரு மனை வாங்கி அம்மா பெயரில் பத்திரம் எழுதியபோது அதில் ஏறியது மணியின் பெயர். பள்ளிச் சான்றைக் காட்டி எடுத்த குடும்ப அட்டையிலும் பின்னாளில் ஆதாரிலும் ஏறியது அம்மனின் பெயர். அப்பா இருந்தவரை யாரும் இதை ஒரு குறையாக நினைக்கவில்லை.

அந்த மனையில் கட்டிய வீட்டில்தான் அக்கா இருக்கிறார். ஓட்டை மாற்றித் தளம் போடக் கடன் வேண்டும். கடனுக்கு வீடு அவர் பெயரில் இருக்கவேண்டும். எழுபது வயதைத் தொட்ட அம்மா, தாம் இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிட விரும்பினார். ஓர் அலுவலகத்தில் பத்திரத்தையும் ஆதாரையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த அலுவலர், “இவங்க வேற, அவங்க வேறம்மா” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எழுதிக்கொடுக்கும் உரிமை உள்ள பெண்ணொருத்தி எங்கோ இருக்கிறாள். எதிரே நிற்கும் கிழவி அவளல்லள். அம்மா என்னைப் பார்த்தார். ஐம்பது ஆண்டுகளாக இரண்டு பெயர்களுக்கும் திரும்பிப் பார்த்தவர் அவர்.

அந்த அலுவலர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. யாருடைய மனையையோ யாரோ எழுதிக்கொடுத்த கதைகள் அவருக்குத் தெரிந்திருக்கும். கம்பைலரும் அவரும் ஒரே ஒழுக்கத்தைத்தான் கடைப்பிடிக்கிறார்கள். வேறு வேறு என்று உறுதியாகத் தெரியும்வரை ஒன்றாக இருக்கலாம் என்கிறது அது. ஒன்று என்று உறுதியாகத் தெரியும்வரை வேறு வேறு என்கிறார் இவர். திசைதான் எதிர், தவறு எந்தப் பக்கம் நேர்ந்தால் திருத்த முடியாதோ அந்தப் பக்கம் கதவை மூடி வைக்கிறார்கள். வேறுபாடு எச்சரிக்கையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அங்கே இயந்திரம் சில நொடிகள் கூடுதலாக உழைக்கிறது. இங்கே முழங்கால் வலியோடு ஒரு மூதாட்டி மாடிப்படி ஏறி இறங்குகிறார். மழைக்காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, அக்கா வீட்டின் கூடத்தில் இரண்டு இடங்களில் வாளி வைக்க வேண்டியிருந்தது.

உறவினர் வாக்குமூலம் போதவில்லை. பூசலார் கட்டிய கோயிலைத் தேடி அரசன் வந்தபோது அப்படியொரு கோயிலைப் பார்த்ததாக ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. அம்மாவின் இரண்டு பெயர்களும் அப்படித்தான், எங்கள் நெஞ்சுக்குள் மட்டும் ஒன்றாயிருந்தன. கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. அதில் அம்மன் பெயர்தான். 1979-இல் அரசு மருத்துவமனையில் பிறந்த எனக்கான பிறப்புச் சான்றில் மணியின் பெயர் மட்டும். ஒவ்வொரு தாளும் ஒரு பெயரைச் சொன்னது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் தாள் எங்கே?

அக்கா மகன்தான் சொன்னான்: “பிறந்த இடத்துக்குப் பின்னாடியே போங்க சித்தி.” தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். அக்கா 1976-இல் ஊத்துக்கோட்டைப் பக்கம் அம்மாவின் ஊரில் பிறந்தவர். அந்தக் காலத்தில் கிராம முன்சீப்தான் பிறப்பு இறப்புப் பதிவேட்டை வைத்திருப்பார். 1980-இல் அந்தப் பதவி ஒழிக்கப்பட்டது. பழைய பதிவேட்டின் நகலுக்கு மனுச் செய்து காத்திருந்தோம். வந்தது. தாயின் பெயர் என்ற இடத்தில் அம்மன் பெயர், அடுத்து ‘என்கிற’, அடுத்து மணியின் பெயர்.

எப்படி அப்படி எழுதினார்கள் என்று இப்போது ஊகிக்கத்தான் முடியும். ஊர்ப்பெண் என்பதால் எழுதியவருக்குப் பிறந்தவீட்டுப் பெயர் தெரிந்திருக்கும். பெயர் கொடுக்கப் போன அப்பா, புகுந்தவீட்டுப் பெயரைச் சொல்லியிருப்பார். இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இரண்டையும் அறிந்த மனிதர்கள் எதிரெதிரே இருந்த அந்த ஒரு பொழுதில், அறிந்ததை அவர் எழுதிவைத்தார். அந்தத் தாளை அடிப்படையாகக் கொண்டு இரண்டு பெயர்களும் ஒருவருடையவையே என்று சான்று கிடைத்தது. அடுத்த இரண்டு மாதத்தில் வீடு அக்கா பெயருக்கு மாறியது. பத்திரத்தில் ஒப்பமிடும்போது, “எந்தப் பேரைப் போடட்டும்?” என்று அம்மா கேட்டார். இரண்டையும் போடச் சொன்னார்கள்.

தங்கை மகளாக நான் பெற்ற பாடத்தைவிட ஆசிரியையாக நான் பெற்ற பாடம் பெரிது. எங்கள் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளில் பலர் தம் குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். அப்பாவின் பெயர் சாதிச் சான்றில் ஒன்று, மதிப்பெண் பட்டியலில் வேறொன்று, ஊரில் அழைப்பது மூன்றாவது. தலைப்பெழுத்து ஆண்டுக்கொரு முறை மாறியிருக்கும். சேர்க்கை நாளில் அந்தப் பிள்ளையும் பெற்றோரும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாப் பெயர்களும் ஒருவருடையவை என்பதை அறிந்த மூவரும் அங்கே இருக்கிறோம். அவர்கள் எழுந்து போனபின் கோப்பில் எஞ்சுபவை எழுத்துகள் மட்டுமே.

இந்த ஆண்டு சேர்க்கையின்போது, வேறு பெயர் உண்டா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். இருந்தால் இப்போதே உறுதிமொழி எடுத்து அரசிதழில் சரிசெய்துகொள்ளும் வழியைச் சொன்னேன். விண்ணப்பத்தின் குறிப்புப் பகுதியில், பெற்றோரின் ஒப்பத்தோடு, இரண்டு பெயர்களையும் எழுதச் செய்தேன். நடுவில் என்ன எழுதுவது என்று ஒரு பெண் கேட்டாள். ‘என்கிற’ என்று எழுதம்மா என்றேன்.